‘நான் இப்போ டாப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல’ன்னு எழுதின வாசகருக்கு

கடிதம் (சுருக்கியிருக்கேன்):

"வயசு 58. நான் கே (ஆண்கள் மேல ஈர்ப்பு உள்ளவன்). பார்ட்னருக்கு 51, ஒண்ணா வாழ ஆரம்பிச்சு 16 வருஷம். 11 மாசம் முன்னாடி ப்ராஸ்டேட் கேன்சர்னு ரோபோ ஆபரேஷன்ல சுரப்பியையே எடுத்துட்டாங்க. ஹார்மோன் ஊசி, ரேடியேஷன் எதுவும் இல்ல. பிஎஸ்ஏ (ரத்தத்துல பார்க்கற ப்ராஸ்டேட் புரதம்) இப்போ டெஸ்ட்டுக்கே சிக்காத அளவுல இருக்கு, டாக்டர் கை கொடுத்து அனுப்பினார். ஆனா தினமும் ஒரு பேட் வேணும், இருமினா கசியுது. விறைப்பு பாதிதான் வருது, விந்து ஒரு சொட்டு கிடையாது. ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க, எனக்கு எப்படி நிரப்பறதுன்னே தெரியல, சும்மா டிக் பண்ணிக் கொடுத்தேன். நான் எப்பவுமே டாப் (செக்ஸ்ல உள்ள நுழையறவன்). இப்போ டாப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் 'பரவால்ல, எனக்கு அதெல்லாம் முக்கியமே இல்ல'ங்கறான், கேட்டா எரியுது. நாலு மாசமா குறட்டைன்னு சாக்கு சொல்லி வேற ரூம்ல படுக்கறேன். சின்ன வயசுல என் நடையைப் பார்த்து சிரிப்பாங்க, அதுக்காகவே உடம்பை ஏத்தி குரலை இறக்கி ஆம்பளையா ஆனவன் நான், இப்போ அவங்க ஜெயிச்சுட்ட மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியில அவனை சித்தப்பா பையன்னு சொல்லி வச்சிருக்கேன். சில நாள் இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுது. ஃப்ரெண்டு கொடுத்த நீல மாத்திரை நாலு தடவை போட்டேன், பெருசா ஒண்ணும் ஆகல, அடுத்த தடவை பாப்பர்ஸோட (செக்ஸ் நேரத்துல மோந்து பார்க்கற திரவம்) சேர்த்து ட்ரை பண்ணலாம்னு இருக்கேன்."

சார், கடைசி வரியில இருந்து ஆரம்பிக்கறேன், அங்கதான் அவசரம். அந்த மாத்திரையும் பாப்பர்ஸும் சேரவே கூடாது. நீல மாத்திரையில இருக்கற சில்டெனாஃபில் ரத்தக்குழாயை விரிக்கும், பாப்பர்ஸ் நைட்ரைட் வகை, அதுவும் ரத்தக்குழாயை விரிக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செஞ்சா பிரஷர் அப்படியே சரிஞ்சு மயக்கம் வரும், ஹார்ட் அட்டாக் வரும், உயிரும் போகலாம். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற நைட்ரேட் மாத்திரைக்கும் இதே கதைதான். விறைப்புக்கே டடாலாஃபில்னு இன்னொரு மாத்திரை இருக்கு, அது உடம்புல ரெண்டு நாள் வரைக்கும் தங்கும், அதனால 'காலையில போட்டது இந்நேரம் போயிருக்கும்'னு கணக்குப் போடாதீங்க. வீட்டுல பாப்பர்ஸ் பாட்டில் இருக்குன்னா இன்னிக்கே தூக்கிப் போட்டுடுங்க. உங்க டாக்டர் இதைப் பத்தி எச்சரிக்கலைன்னா அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது, அவர் மனசுல உங்களுக்கு ஒரு மனைவி இருக்காங்க.

அடுத்தது அந்த 'இருந்து என்ன பண்ணப் போறோம்'. நேர்ல கேக்கற மாதிரியே கேக்கறேன், அது அலுப்புல வர்ற பேச்சா, இல்ல செத்துடலாம்னே நினைப்பு ஓடுதா, எப்படின்னு யோசிக்கற வரைக்கும் போயிருக்கா? அப்படின்னா இதைப் படிக்கறதை இங்கயே நிறுத்திட்டு பக்கத்து ரூம்ல இருக்கறவரை எழுப்புங்க, இன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போங்க, குறட்டை சாக்கை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். வெறும் அலுப்புதான்னா மேல படிங்க, ஆனாலும் ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி, எதுலயும் ஒட்டாத மனசுன்னு இழுத்துட்டே போனா அது டிப்ரஷனா இருக்கலாம், அதுக்கும் ட்ரீட்மென்ட் இருக்கு. கேன்சர் நடக்கும்போது ஸ்கேன், ஆபரேஷன், டியூப்னு ஓட்டத்துலயே நாள் போயிடும், கை கொடுத்து அனுப்பின பிறகுதான் உக்காந்து என்னென்ன போச்சுன்னு எண்ணுவோம். நான் பார்க்கற பல பேர் இந்த நேரத்துலதான் வர்றாங்க.

நான் சர்ஜன் இல்ல, யூராலஜி டீமோட சேர்ந்து வேலை பார்க்கற செக்ஸ் தெரபிஸ்ட், அதனால கத்தி விஷயத்தை உங்க சர்ஜன்கிட்டயே கேட்டுக்கணும். எனக்கு உங்க கடிதத்துல பட்டது வேற. பேட், விறைப்பு, விந்து, டாப், சின்ன வயசு நடை, சித்தப்பா பையன் எல்லாத்தையும் ஒரே துணியில கொட்டி இறுக்கி முடிச்சுப் போட்டு, மேல 'ஆம்பளைத்தனம் போச்சு'ன்னு சீட்டு ஒட்டியிருக்கீங்க. அந்த மூட்டையை யாராலயும் தூக்க முடியாது. அவுத்துக் கொட்டினா சிலது வெறும் உடம்பு ரிப்பேர், அதுக்கு வழி இருக்கு. சிலது துக்கம், அதை அழுதுதான் தீர்க்கணும். ஒண்ணு மட்டும் ஆபரேஷனுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே உள்ள போனது.

உடம்பை முதல்ல முடிச்சுடலாம். டெஸ்டோஸ்டிரோன் உருவாகறது விதையில, ப்ராஸ்டேட்ல இல்ல. உங்களுக்கு ஹார்மோன் ஊசி போடலை, அதனால ஆண் ஹார்மோன்னு எதை சொல்றோமோ அது ஆபரேஷனுக்கு முன்னாடி ஓடின மாதிரியேதான் இப்பவும் ஓடிட்டிருக்கு. (ஹார்மோன் ஊசி போட்டவங்க கதை வேற, ஆசையே வத்திப் போகும், மார்பு லேசா வீங்கும், திடீர்னு உடம்பு கொதிக்கும், அவங்களுக்கு இந்தப் பதில் அப்படியே பொருந்தாது.) விறைப்புக்கான நரம்பு ப்ராஸ்டேட்டோட ரெண்டு பக்கமும் வலை மாதிரி மெல்லிசா ஒட்டிப் போகுது. 1982ல பேட்ரிக் வால்ஷ்ங்கற அமெரிக்க சர்ஜன்தான் அந்த நரம்பை விட்டுட்டு சுரப்பியை மட்டும் எடுக்கற முறையைக் கொண்டு வந்தார், அதுக்கு முன்னாடி இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டா விறைப்பு போயிடும்ங்கறது கிட்டத்தட்ட எழுதி வச்ச மாதிரி. விட்டு வச்சாலும் நரம்பு இழுபட்டு நசுங்கிப் போயிருக்கும், அது எழுந்திருக்க 18 மாசம், 24 மாசம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும். உங்களுக்கு 11 மாசத்துல பாதி வந்திருக்கு சார், இது முடிஞ்சு போன கதையாட்டம் எனக்குத் தெரியல. ரெண்டு பக்க நரம்பையும் விட்டு வச்சாங்களா ஒரு பக்கம்தானான்னு சர்ஜன்கிட்ட கேளுங்க, ஆபரேஷன் நோட்ல எழுதியிருக்கும்.

மாத்திரை வேலை செய்யலைன்னு சொன்னீங்க. அந்த மாத்திரை தானா எதையும் தூக்கி நிறுத்தாது, நரம்புல இருந்து சிக்னல் வரணும், மனசுல ஆசை இருக்கணும், வயிறு முட்ட சாப்பிட்டிருந்தா இன்னும் லேட்டாகும். ஃப்ரெண்டு கொடுத்தது எத்தனை மில்லிகிராம்னு கூட உங்களுக்குத் தெரியாது, நாலு தடவை பயந்துக்கிட்டே போட்டதை வச்சுத் தீர்ப்பு எழுத முடியாது. ஹார்ட்டையும் பிரஷரையும் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்துதான் போடணும். அதுவும் பத்தலைன்னா வேக்யூம் பம்ப் இருக்கு, அதோட வர்ற வளையத்தை 30 நிமிஷத்துக்கு மேல போட்டு வைக்கக் கூடாது. ஆணுறுப்புலயே போடற ஊசி இருக்கு, கேட்டாலே கால் கூசும்தான், ஆனா ரொம்ப மெல்லிசு ஊசி, அதுக்கு நரம்போட சிக்னலே தேவையில்ல, 4 மணி நேரம் ஆகியும் இறங்கலைன்னா மட்டும் எமர்ஜென்சிக்கு ஓடணும். இம்ப்ளான்ட்டும் இருக்கு, அது கடைசியில பார்க்க வேண்டியது. நீங்க எழுதலை, ஆனா நீளம் கொஞ்சம் கம்மியான மாதிரி தெரிஞ்சா அதுவும் பல பேருக்கு நடக்கறதுதான், அதையும் கூச்சப்படாம கேளுங்க.

அந்த ஃபார்ம் விஷயம் எனக்குக் கோபம் வர வைக்கிற விஷயம். உலகம் பூரா விறைப்புக்குக் கொடுக்கற கேள்வித்தாள் ஒண்ணு 1997ல வந்தது, அதுல உடலுறவுன்னா என்னன்னு விளக்கம் போட்டிருக்கும், பெண்ணுறுப்புக்குள்ள நுழையறதுன்னு. நீங்க வாங்கினது அதேதானான்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்த மாதிரி ஒண்ணா இருந்தா சும்மா டிக் பண்ணினது உங்க தப்பே இல்ல. இன்னொண்ணு, ஆசனவாய் வழியா நுழையறதுக்கு அதைவிட அதிக விறைப்பு வேணும். ஆக ஒரு டாக்டர் ஃபார்மைப் பார்த்துட்டு 'போதுமான அளவு வந்துடுச்சே'ன்னு சொல்றதும், வீட்டுல நீங்க ட்ரை பண்ணி முடியாம வெக்கப்படறதும் ஒரே சமயத்துல நடக்கலாம், ரெண்டு பேரும் வேற வேற அளவுகோலை வச்சு அளக்கறீங்க. 'என் பார்ட்னர் ஆண், எனக்கு இந்த அளவு பத்தாது'ன்னு ஒரே ஒரு வரி சொன்னாதான் அவரால டோஸையோ வழியையோ மாத்த முடியும்.

இப்போ விந்து. இதைக் கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா எல்லாரும் தாண்டிப் போறது இதைத்தான். பெண்களோட வாழற ஆண்கள்கிட்ட 'இந்த வயசுல இனி குழந்தையா பெத்துக்கப் போறீங்க'ன்னு சொல்லி முடிச்சுடுவாங்க, உங்ககிட்டயும் அதையேதான் சொல்லியிருப்பாங்க. விந்துல மூணுல ரெண்டு பங்கு விந்துப்பையில இருந்து வருது, மீதியில பெரும்பகுதி ப்ராஸ்டேட்டோடது, விதையில இருந்து வர்றது துளியூண்டுதான், ஆபரேஷன்ல சுரப்பி, விந்துப்பை ரெண்டையும் எடுத்து வழியையும் அடைச்சுடறாங்க, அதனால அது திரும்பி வராது. விறைப்புக்குக் காத்திருக்கலாம், இதுக்குக் காத்திருக்க முடியாது. ரெண்டு ஆண்களுக்கு நடுவுல விந்துங்கறது கண்ணுக்குத் தெரியற விஷயம், 'உன்னால எனக்கு இது ஆச்சு'ன்னு வாயைத் திறக்காம சொல்றது. அது போனா மனசு உடையறது அல்பத்தனம் கிடையாது. 2016ல ஆஸ்திரேலியாவுல ஜேன் உஷரும் அவங்க டீமும் ப்ராஸ்டேட் கேன்சர் வந்த கே, பைசெக்சுவல் ஆண்களையும் மத்த ஆண்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு போட்டாங்க. அதுல கே, பைசெக்சுவல் ஆண்களோட செக்ஸ் செயல்பாடு மத்தவங்களைவிட நல்லாவே இருந்தது, ஆனா ஆண்னு தன் மேல வச்சிருக்கற மதிப்பு அவங்களுக்குத்தான் கம்மி, விந்து போன கவலை அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. இதை நான் திரும்பத் திரும்ப யோசிப்பேன். விறைப்பு சரியாயிட்டா மதிப்பு தானா வந்துடும்னா இப்படி வந்திருக்கக் கூடாதே.

உச்சம் (ஆர்கசம்) உங்களை விட்டுப் போகலை, அதையும் சொல்லிடறேன். அதுக்கான நரம்பு வேற பாதையில போகுது, விறைப்பே இல்லாம கூட உச்சம் வரும், சிலருக்கு முன்னைவிட மங்கலா, சிலருக்கு அதே அளவு, சிலருக்கு முதல் மாசங்கள்ல வலியோட. வர்ற நேரத்துல கொஞ்சம் மூத்திரம் கசியறதும் உண்டு. நாலு மாசம் முன்னாடி வேற ரூமுக்குப் போனதுக்கு இதுதான் காரணமோன்னு எனக்கு ஒரு சந்தேகம், தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க, ஆனா யாருமே இதைக் கடிதத்துல எழுத மாட்டாங்க. முன்னாடியே பாத்ரூம் போயிட்டு வாங்க, ஒரு டவல் விரிச்சு வைங்க, வேணும்னா காண்டம் போடுங்க, அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. சொல்லாம நடந்துட்டா அது அவமானமாத் தங்கிடும், சொல்லிட்டா துவைக்க வேண்டிய டவல்.

டாப் விஷயத்துக்கு வர்றேன். முடியலைன்னா பாட்டமா (உள்ள வாங்கிக்கறவரா) மாறிடலாமேன்னு சிலர் லேசா சொல்லிடுவாங்க, எனக்கு அந்த அட்வைஸ் பிடிக்காது. ஆசைப்பட்டா தாராளமா ட்ரை பண்ணுங்க, 11 மாசம் ஆச்சு, சர்ஜன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணலாம், ஆனா பாட்டமா இருக்கறதுல பல பேருக்கு சுகமே ப்ராஸ்டேட்லதான், அது உங்களுக்கு இல்ல, அதனால மத்தவங்க சொல்ற மாதிரி இருக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. அதைவிட முக்கியமா, விருப்பமில்லாம மாறினா அது தண்டனை மாதிரி ஆயிடும். நான் கேக்கறது வேற. 16 வருஷமா டாப்பா இருந்தப்ப நீங்க என்னென்ன செஞ்சீங்க? நுழையறது அதுல எத்தனை நிமிஷம்? ஆரம்பிச்சு வைக்கறது, சீண்டறது, காக்க வைக்கறது, அவர் உடம்பை அவரைவிட நல்லா தெரிஞ்சு வச்சிருக்கறது, இதுல எதுக்கும் விறைப்பு வேண்டாம். அவரோட ப்ராஸ்டேட் அங்கதான் இருக்கு, உங்களுக்குக் கை இருக்கு, வாய் இருக்கு, பொம்மைகள் இருக்கு. என்கிட்ட வந்த ஒருத்தர் சொன்னார், "முன்னாடியெல்லாம் நான் சரியா பண்றேனான்னுதான் பார்த்துட்டிருந்தேன், ஆபரேஷனுக்கப்புறம்தான் அவன் மூஞ்சியையே பார்த்தேன்." எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்லலை. சிலர் கடைசி வரைக்கும் பழையதை நினைச்சு ஏங்குவாங்க, அதுவும் நியாயம்தான், ஏங்கிக்கிட்டே புதுசா ஒண்ணைக் கத்துக்கவும் முடியும்.

அவர் சொல்ற 'பரவால்ல' உங்க காதுல 'நீ செஞ்சதுக்கெல்லாம் மதிப்பே இல்ல'ன்னு விழுது. அவர் சொல்ல நினைச்சது 'நீ உயிரோட இருக்கியே, அது போதும்'னா இருக்கும். இதுல ஒரு சங்கடம் என்னன்னா, அவரும் ஆண், அவருக்கும் விறைப்புன்னா ஆசை, விறைப்பில்லைன்னா ஆசையில்லைன்னுதான் சொந்த உடம்புல படிச்சுப் பழக்கம். அதே கண்ணால உங்களைப் பார்த்தா, பாதி விறைப்பு, அப்புறம் வேற ரூம், அவருக்கு என்ன தோணும்? இவனுக்கு என் மேல ஆசை போச்சு, வெளிய சொல்லத் தெரியாம குறட்டைங்கறான். அவர் 'முக்கியமே இல்ல'ன்னு சொல்றது தன்னைத்தானே தேத்திக்கறதா கூட இருக்கலாம். அதனால நீங்கதான் ஆரம்பிக்கணும், அதுவும் பெட்ரூம்ல வேண்டாம், டீ குடிக்கும்போது. 'நீ பரவால்லன்னு சொல்றப்ப எனக்கு வலிக்குது, எனக்குப் பரவால்ல இல்ல, நான் நிறைய இழந்துட்டேன், உன் மேல ஆசை மட்டும் அப்படியேதான் இருக்கு, என் உடம்புதான் அதைக் காட்ட மாட்டேங்குது.' இதை உங்க வார்த்தையில மாத்திக்கோங்க. நேர்ல நாக்கு வரலைன்னா மெசேஜா அனுப்புங்க, பக்கத்து ரூம்தான்னாலும் பரவால்ல. அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு ஒப்பந்தம், ஒண்ணாப் படுக்கறது, தொடறது, தடவறது எல்லாம் உண்டு, விறைப்பை வர வைக்கற முயற்சியும் நுழையறதும் மட்டும் கிடையாது, வந்தாலும் கண்டுக்காம விட்டுடணும். பரீட்சை இல்லைன்னு உடம்புக்குத் தெரிய கொஞ்ச நாள் ஆகும்.

பேட் பத்தி ரொம்ப எழுதத் தேவையில்ல. இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கு, அர்னால்ட் கீகல்னு ஒரு டாக்டர் 1948லயே எழுதினது, ஆனா வீடியோ பார்த்துட்டு வயித்தை எக்கிக்கிட்டு பண்றவங்கதான் அதிகம், ஒரு தடவையாவது அதுக்குன்னு இருக்கற பிசியோகிட்ட போய் சரியான தசையைத்தான் இறுக்கறீங்களான்னு பாருங்க. ஒரு வருஷம் தாண்டியும் தொல்லை பண்ணினா சின்ன ஆபரேஷன்ல சரி பண்ற வழியும் இருக்கு.

சிரிச்சவங்க ஜெயிச்ச மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தீங்கள்ல, அந்த வரியிலதான் நான் ரொம்ப நேரம் நின்னேன். உடம்பை ஏத்தினது, குரலை இறக்கினது, ஒருவேளை டாப்ங்கறதை அவ்வளவு இறுக்கமாப் பிடிச்சுக்கிட்டதுல கூட ஒரு பங்கு, அந்தப் பசங்களுக்குப் பதில் சொல்லத்தான். அவங்க இந்நேரம் எங்க இருக்காங்களோ, அவங்களுக்கும் அறுபதை நெருங்கியிருக்கும், அவங்கள்ல ஒருத்தரும் பேட் வச்சுக்கிட்டு நடந்துட்டிருக்கலாம், ஆனா உங்க மனசுல அவங்களுக்கு இன்னும் அதே வயசு, அதே சிரிப்பு. கேன்சர்னு சொன்ன அன்னிக்குக் கூட நீங்க குரலை இறக்கித்தான் 'சரி டாக்டர்'னு சொல்லியிருப்பீங்கன்னு நினைக்கறேன். குரலை இறக்காம ஒரு மணி நேரம் பேச ஒரு இடம் உங்களுக்கு வேணும். கே ஆண்களைப் புரிஞ்ச ஒரு கவுன்சிலர், இல்ல இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட கே ஆண்களோட ஆன்லைன் குரூப். பொதுவான ப்ராஸ்டேட் குரூப்னா அங்க எல்லாரும் மனைவியைப் பத்திப் பேசுவாங்க, நீங்க மறுபடியும் நடையைத் திருத்திக்கிட்டு உக்காரணும்.

அந்த சித்தப்பா பையன். சொல்ல முடியாத சூழ்நிலை, வேலைக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்துன்னா சொல்லாதீங்க, உங்க நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். சொல்ல முடியும்னா எல்லாருக்கும் அறிவிக்கத் தேவையில்ல, ஒரே ஒருத்தர்கிட்ட போதும், உங்க டாக்டரோ அங்க இருக்கற நர்ஸோ, யார் முகம் கொஞ்சம் இளக்கமா இருக்கோ அவங்க. 16 வருஷம் உங்களோட வாழ்ந்த மனுஷன் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல சித்தப்பா பையனா உக்காந்திருந்தார், அது அவருக்கு எப்படி இருந்ததுன்னு கேட்டிருக்கீங்களா? இதுவரை கேக்கலைன்னா அந்த டீ நேரத்துல இதையும் கேளுங்க.

அடுத்த செக்கப்புக்கு அவரை உள்ள கூட்டிட்டுப் போறதுல இன்னொரு லாபமும் இருக்கு. அவருக்கு 51, அவருக்கும் ப்ராஸ்டேட் இருக்கு, டெஸ்ட் பண்ணிக்கலாமா வேண்டாமான்னு அப்படியே அவருக்காகவும் கேட்டுடலாம். பிஎஸ்ஏ எடுக்கறதா முடிவானா, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பாட்டமா செக்ஸ் வேண்டாம், கடைசி ரெண்டு நாள் விந்தும் வெளியேறக் கூடாது, சுரப்பி அழுந்தினா நம்பர் ஏத்திக் காட்டும். நாலு மாசமா வேற வேற ரூம்ல இருக்கற உங்களுக்கு இப்போதைக்கு அந்த ஒரு வாரம் பெரிய விஷயமே இல்ல. கஷ்டமா இருந்துச்சுன்னா எனக்கு ஒரு வரி எழுதுங்க, சந்தோஷப்படுவேன்.